மூச்சை மீட்ட மருந்தும் குடலின் மௌனமும்

குடலில் அறுவை செய்துகொண்ட நோயாளியின் படுக்கையருகே மறுநாட் காலையில் வந்து நிற்கும் வைத்தியர் கேட்கும் கேள்வி, பெரிய படிப்புப் படித்தவர் கேட்கும் கேள்வியாகவே தோன்றாது. "காற்றுப் பிரிந்ததா?" என்பதே அது. கேட்பவர் முகத்தில் சிரிப்பில்லை, கேட்கப்பட்டவர்தாம் நாணுவார். ஆயினும் நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பதா, மூக்கின் வழியே குழாய் விட்டு வயிற்றை வடிப்பதா, வீட்டிற்கு அனுப்புவதா, மீண்டும் வயிற்றைத் திறந்து பார்ப்பதா என்பனவெல்லாம் அந்த ஒரு விடையையே பெரிதும் சார்ந்திருக்கின்றன.

கத்தி பட்ட குடல் சில நாள் அசைவற்றுக் கிடப்பது இயல்பு. சிறுகுடல் ஒரு நாளைக்குள்ளும், இரைப்பை ஓரிரு நாளிலும், பெருங்குடல் இரண்டு மூன்று நாளிலும் மெல்ல மெல்லத் தம் தொழிலைத் தொடங்கும். அதற்கு மேலும் மௌனம் நீடிக்குமாயின் வயிறு உப்பும், வாந்தி எடுக்கும், நோயாளி உண்ண முடியாமல் மெலிவார். வெட்டி இணைத்த இடத்தில் தையல் நெகிழ்ந்து கசியுமாயின் உயிருக்கே ஆபத்து.

இந்த மௌனத்தோடு தொடர்புடையதாக வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பேசிவரும் மருந்து ஒன்று உண்டு. அறுவை மேசையின்மீது நோயாளி கண் விழிப்பதற்குச் சற்று முன்னர் ஊசி வழியே ஏற்றப்படும் முறிமருந்து அது. இன்றைய மயக்க வைத்தியம் தூக்கத்தையும் வலியின்மையையும் மட்டும் தருவதன்று. வயிற்றுத் தசைகளை இளக்கித் தருவதற்கென்று தனியே ஒரு தளர்ப்பி மருந்தையும் கொடுக்கிறது. வயிற்றுத் தசையை இளக்கும் அம்மருந்து மூச்சுவிடும் தசையையும் இளக்கிவிடுவதால், அறுவை முடியும்வரை இயந்திரமோ, ஒருவர் கையால் அழுத்தும் பையோ நோயாளிக்காக மூச்சுவிட வேண்டும். முடிந்தபின் அத்தளர்ச்சியை நீக்கியாக வேண்டும். நீக்கும் மருந்து மூச்சை மீட்கும். அதே வேளையில் அது குடலுக்குச் செய்வது நன்மையா தீமையா என்பதே கேள்வி. இக்கேள்வியின் வரலாறு மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றங்கரையிலே தொடங்குகிறது.

கலபாரின் விசாரணைக் கொட்டை

இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கு மூலையில் உள்ளது கலபார். ஒரு காலத்தில் ஆயிரமாயிரம் அடிமைகளைக் கப்பலேற்றிய துறைமுகம் அது. அங்கே வாழும் எபிக் மக்களிடையே, சூனியம் வைத்தான் என்றோ கொலை செய்தான் என்றோ பழி சுமத்தப்பட்டவனுக்கு, ஒருவகைக் கொடியில் காய்க்கும் கரும்பழுப்பு நிறக் கொட்டையை அரைத்து நீரில் கலக்கிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. 'எசெரே' என்பது அதன் பெயர். குடித்தவன் வாந்தியெடுத்துப் பிழைத்தால் குற்றமற்றவன், இறந்தால் குற்றவாளி. குற்றமற்றவன் அஞ்சாமல் மடமடவென்று குடிப்பான், அதனால் வயிறு குமட்டி நஞ்சு வெளியேறிவிடும்; குற்றமுள்ளவன் தயங்கித் தயங்கிப் பருகுவான், நஞ்சு உடலில் ஏறிவிடும் என்று இதற்கொரு விளக்கமும் கூறுவர். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அச்சம் குற்றவாளிக்கு மட்டும் உரியதன்று என்பதை எண்ணிப் பார்த்தால், குற்றமற்றோர் எத்தனை பேர் அந்தக் கிண்ணத்திற்குப் பலியாகியிருப்பர் என்று நெஞ்சு நடுங்கும்.

இவ்வழக்கத்தைப் பற்றி 1846ஆம் ஆண்டளவில் ஐரோப்பியருக்கு எழுதி அறிவித்தவர் டானியல் என்னும் ஆங்கிலேயப் படைவைத்தியர். ஸ்காட்லாந்துப் பாதிரிமார் வழியாகக் கொட்டைகள் எடின்பரோ நகரை அடைந்தன. அங்கே பேராசிரியராகவும் நஞ்சியல் அறிஞராகவும் விளங்கிய ராபர்ட் கிறிஸ்டிசன், 1855இல் அக்கொட்டையின் ஒரு சிறு துண்டை இரவில் தாமே தின்று பார்த்தார். பெரிதாக ஒன்றும் நேரவில்லை. மறுநாட் காலையில் சற்றுக் கூடுதலாகத் தின்றார். தலை சுற்றியது, கைகால்கள் சொன்னபடி கேட்கவில்லை, நாடி தளர்ந்தது. அருகில் வேறொன்றும் இல்லாமையால், முகம் மழித்த சோப்பு நீரை எடுத்துக் குடித்து வாந்தியெடுத்துப் பிழைத்தார்! ஆராய்ச்சி என்ற பெயரால் இதனைப் போற்றுவதா, ஒரு பேராசிரியருக்கு இது தகுமா என்று கடிந்துகொள்வதா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம். எனினும் தம் உடலில் நடந்ததை அவர் நிதானமாக எழுதி வைத்தது பிற்காலத்தார்க்குப் பெருந்துணையாயிற்று.

அதன் பின்னர் வேலை விரைந்து நடந்தது. கிறிஸ்டிசனின் மாணவர் தாமஸ் பிரேசர் 1862இல் அக்கொட்டையைப் பற்றியே ஆய்வுரை எழுதினார். 1863இல் ஆர்கைல் ராபர்ட்சன் என்னும் கண் வைத்தியர் அதன் சாறு கண்மணியைச் சுருக்குவதைக் காட்டினார். 1864இல் ஜெர்மானியர் இருவர் அதிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்து 'பிசோஸ்டிக்மின்' என்று பெயரிட்டனர். அடுத்த ஆண்டிலேயே பிரெஞ்சுக்காரர் அதே பொருளுக்கு 'எசெரின்' என்று, எபிக் மக்களின் சொல்லையே தழுவிப் பெயர் வைத்தனர். அதே 1864ஆம் ஆண்டில் பிராக் நகரில் வேறொரு செய்தி நிகழ்ந்தது. அட்ரோப்பின் என்னும் நஞ்சைத் தெரியாமற் குடித்துவிட்ட சிறைக்கைதிகளுக்குக் கிளைன்வாக்டர் என்னும் இளம் வைத்தியர் கலபார்க் கொட்டையின் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார், குணம் தெரிந்தது. ஒன்றுக்கொன்று எதிரான இரு நஞ்சுகள் அவை. இவ்விரண்டையும் ஒரே நோயாளிக்குச் சேர்த்தே கொடுக்கும் காலம் பின்னால் வரப்போவதால், இதனை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

அக்கொட்டை குடலைக் கிளறிவிடுவதும் தொடக்கத்திலிருந்தே தெரிந்ததுதான். வயிற்று வலியால் உருளும் குதிரைகளுக்குக் கால்நடை வைத்தியர்கள் எசெரினைக் கொடுத்தனர். அறுவைக்குப்பின் வயிறு உப்பிக் கிடந்த மனிதருக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தோர் உண்டு.

வியன்னாவில் மூச்சுவிட்ட நாய்

தென் அமெரிக்கக் காடுகளில் வேட்டைக்காரர் அம்பு நுனியில் தடவும் குராரே என்னும் நஞ்சு, தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்திக் கொல்லும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் நகரத்துக் குளோட் பெர்னார் விளக்கியிருந்தார். நரம்பும் கெடவில்லை, தசையும் கெடவில்லை. நரம்பு தசையைத் தொடும் இடத்திலேதான் செய்தி அறுந்துபோகிறது என்று தவளைகளைக் கொண்டு அவர் காட்டினார். குராரே ஏறிய விலங்கிற்கு வெளியிலிருந்து மூச்சூட்டினால் அதன் இதயம் அடித்துக்கொண்டிருக்கும், குடலும் அசைந்துகொண்டிருக்கும். ஏனெனில் அவற்றின் மீது குராரேயின் கை அவ்வளவாக நீளுவதில்லை.

ஆகவே குடலின் அசைவை ஆராய்வோர்க்குக் குராரே வசதியான துணையாயிற்று. விலங்கு துள்ளாமல் கிடக்கும், குடலை நன்கு பார்க்கலாம். வியன்னாவில் யாக்கோப் பால் என்பவரும் அப்படிப்பட்ட ஆராய்ச்சியிலேயே ஈடுபட்டிருந்தார். குராரே ஏறிய நாய்க்கு, குடல் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காகப் பிசோஸ்டிக்மினைச் செலுத்தினார். குடல் அசைந்தது, அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது, நாய் தானாக மூச்சுவிடத் தொடங்கியதுதான். 1900ஆம் ஆண்டில், பிசோஸ்டிக்மின் குராரேக்கு முறி என்று அவர் எழுதி வெளியிட்டார்.

மயக்க வைத்திய வரலாறுகளில் இச்செய்தி ஒரு வரியில் முடிந்துவிடுவது வழக்கம். அது போதாது. முறிமருந்து முதன்முதலில் கண்டறியப்பட்ட அந்த மேசையிலேயே மூச்சும் குடலும் ஒரே ஊசிக்குச் சேர்ந்து விடை கூறின. ஒன்றை எழுப்பினால் மற்றொன்றும் எழும் என்பது அன்றே வெளிப்பட்டுவிட்டது. அப்படியிருந்தும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அக்கட்டுரையை அறுவைக்கூடத்தில் எவரும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. குராரேயையே நோயாளிக்குக் கொடுக்கத் துணியாத காலத்தில் அதற்கு முறி எதற்கு?

ஏன் இரண்டும் சேர்ந்து எழுந்தன என்பதற்கு விடை கிடைக்க மேலும் ஒரு தலைமுறை சென்றது. 1914இல் இங்கிலாந்தில் ஹென்றி டேல், அசிட்டைல்கோலின் என்னும் பொருளுக்கு உடலில் இருவேறு வகைச் செயல்கள் உண்டு என்று பிரித்துக் காட்டினார். 1921இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி, இரண்டு தவளை இதயங்களை வைத்துக்கொண்டு, நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே செய்தி அனுப்புகிறது என்று மெய்ப்பித்தார். 1926இல் அவரும் நவ்ராட்டிலும், அப்பொருளை உடனுக்குடன் அழிக்கும் நொதி ஒன்று உண்டென்றும், அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுவதே பிசோஸ்டிக்மினின் வேலை என்றும் காட்டினர். டேலும் லோவியும் 1936இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அந்நாளைய ரப்பர்த் தோட்டத்தைக் கொண்டு இதனை விளக்கலாம். விடியுமுன் அடிக்கும் மணி ஒன்றுதான். அதைக் கேட்டுப் பால்மரம் வெட்டுவோர் பெரட்டுக் களத்திற்கு ஓடுவர்; அதே மணியைக் கேட்டு ஆயாக் கொட்டகையில் அடுப்பு மூட்டுவர். அசிட்டைல்கோலின் அந்த மணியோசை. கைகால் தசையும் மூச்சுத் தசையும் பெரட்டுக் களம். குடல் ஆயாக் கொட்டகை. குராரே என்பது பெரட்டுக்காரர்களின் காதை மட்டும் அடைத்து வைக்கும் நஞ்சு. பிசோஸ்டிக்மினோ, அடித்த மணியின் ஓசை அடங்கவொட்டாமல் நீளச் செய்வது. ஓசை பெருகப் பெருகக் காதடைத்தவர்க்கும் கேட்டுவிடும். ஆனால் கொட்டகையில் உள்ளவர்க்கு அது கேட்கக் கூடாதென்று மணிக்குச் சொல்ல முடியுமா? அவர்களும் அடுப்பின்மேல் அடுப்பாக மூட்டிக்கொண்டேயிருப்பர்.

குடலுக்காகப் பிறந்தது

1931இல் ஹொப்மன்-லா ரோஷ் என்னும் சுவிட்சர்லாந்துக் கம்பெனியைச் சேர்ந்த ஏஷ்லிமன், ரைனெர்ட் ஆகிய இருவர், பிசோஸ்டிக்மினின் அமைப்பைப் பின்பற்றிச் செயற்கையாக ஒரு மருந்தை ஆக்கினர். 'புரோஸ்டிக்மின்' என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. நியோஸ்டிக்மின் என்பது அதன் பொதுப்பெயர். அம்மருந்து முதன்முதலில் வைத்தியத்திற்கு வந்தது குடலைத் தூண்டுவதற்காகத்தான், மூச்சை மீட்பதற்காக அன்று. அறுவைக்குப்பின் அசைவற்றுக் கிடக்கும் குடலை எழுப்புவதே அதன் தொழிலாகக் கூறப்பட்டது.

பின்னரே அதற்கு வேறு வேலைகள் கிடைத்தன. 1934இல் லண்டனின் கிரீனிச் பகுதியில், செயின்ட் ஆல்பெஜ் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய மேரி வாக்கர் என்னும் பெண் வைத்தியர், தசைகள் நாளுக்கு நாள் சோர்ந்து கண்ணிமையைக்கூடத் தூக்க முடியாமற் செய்யும் 'மயஸ்தீனியா' என்னும் நோய், குராரே ஏறியவரின் நிலையை ஒத்திருப்பதை எண்ணி, பிசோஸ்டிக்மினைக் கொடுத்துப் பார்த்தார். விழுந்த இமைகள் எழுந்தன. மறு ஆண்டில் நியோஸ்டிக்மினும் அவ்வாறே பயன்படுவதைக் காட்டினார்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1935இல், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பெர்சி ஜூலியன், பிசோஸ்டிக்மினையே ஆய்வுக்கூடத்தில் முழுமையாக ஆக்கிக் காட்டினார். அடிமையாயிருந்த ஒருவரின் பேரர் அவர். அடிமைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கொட்டையின் மருமத்தை அவர் விடுவித்தார். எனினும் கறுப்பர் என்னும் காரணத்தால் அக்கல்லூரியில் அவருக்கு நிலையான ஆசிரியர் பதவி கொடுக்கப்படவில்லை.

1942 ஜனவரி 23ஆம் நாள், கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹரால்ட் கிரிபித் என்பவரும் அவருடைய துணைவைத்தியர் ஈனிட் ஜான்சனும், மயக்கத்தில் இருந்த இளைஞர் ஒருவருக்குத் தூய்மைப்படுத்திய குராரேயைச் செலுத்தினர். வயிறு மாவுபோல் இளகியது. அதற்கு முன்னெல்லாம் வயிற்றை இளக்குவதற்காக ஈதரை அளவுக்கு மீறி ஏற்ற வேண்டியிருந்தது. இறுகிய வயிற்றிலிருந்து குடல் பிதுங்கி வந்து அறுவை செய்வோரைத் திணற அடிக்கும். அன்று அந்த இளைஞருக்கு நடந்தது குடல்வால் அறுவை என்பது நோக்கத்தக்கது. தளர்ப்பி மருந்தின் புகழ் குடற் பகுதியிலேயே பிறந்தது.

1946இல் லிவர்ப்பூலில் செசில் கிரேயும் ஹால்ட்டனும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குக் குராரேயின் தூய வடிவத்தைக் கொடுத்துப் பெற்ற அனுபவத்தை வெளியிட்டனர். இலேசான மயக்கம், முழுத் தளர்ச்சி, முடிவில் நியோஸ்டிக்மின் என்னும் முறை லிவர்ப்பூலிலிருந்து உலகெங்கும் பரவியது. நியோஸ்டிக்மினைத் தனியே கொடுத்தால் இதயம் மெதுவாகும், எச்சில் பெருகும், குடல் முறுக்கும். ஆகவே பிராக் சிறைச்சாலையின் பழைய பகைவனான அட்ரோப்பினையும் கூடவே கொடுத்தனர். அட்ரோப்பின் ஆயாக் கொட்டகைக்காரர்களின் காதில் பஞ்சு வைப்பது. பெரட்டுக்காரர்களின் காதைத் தொடாது.

இம்முறை எவ்வளவு இன்றியமையாதது என்பதை, பீச்சர், டாட் என்னும் அமெரிக்கர் 1954இல் வெளியிட்ட கணக்கு ஐயமறக் காட்டியது. பத்து ஆஸ்பத்திரிகளில் 5,99,548 பேருக்குக் கொடுக்கப்பட்ட மயக்கங்களை அவர்கள் ஆராய்ந்தனர். மயக்கத்தோடு தொடர்புடைய சாவு, தளர்ப்பி பெறாதவர்களில் 2,100 பேருக்கு ஒன்று. பெற்றவர்களில் 370 பேருக்கு ஒன்று. அதற்குத் தளர்ப்பியின் இயல்பே நஞ்சு என்று அவர்கள் கருதினர். எஞ்சிய தளர்ச்சியால் மூச்சுத் திணறியதே பெருங்காரணம் என்று மற்றவர்கள் வாதாடினர். இரண்டாவது கூற்றே நிலைத்தது. முறிமருந்தைக் கொடுக்காமல் விட்டால் உயிருக்கு ஆபத்து என்றானபின், குடலைப் பற்றி எவர் கவலைப்படுவார்?

தையலைப் பற்றிய அச்சம்

கவலைப்பட்டோர் குடலறுவை வைத்தியர்களே. வெட்டி இணைத்த குடலின் தையல் இன்னும் ஈரமாயிருக்கும்போதே, குடலை முறுக்கும் மருந்தைச் செலுத்தினால் தையல் என்னாவது என்பது அவர்கள் வாதம். 1968இல் பெல், லூயிஸ் என்னும் இருவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பெருங்குடலை நீக்கிச் சிறுகுடலை மலக்குடலோடு இணைத்த நோயாளிகளில், நியோஸ்டிக்மின் பெற்றவர்களுக்குத் தையல் கசிவு மிகுதியாகக் காணப்பட்டது என்பது அதன் சாரம். அறுவைக்கூடத்தில் கத்தி பிடித்தவருக்கும் மயக்கம் கொடுப்பவருக்கும் இடையே அது எத்தகைய பூசலைக் கிளப்பியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். தையல் பிரிந்தால் பழி யாருக்கு?

1970இல் வேறொரு குழுவினர் பெருங்குடலின் அழுத்தத்தை நேராக அளந்து பார்த்தனர். நியோஸ்டிக்மின் குடலைக் கிளர்ந்தெழச் செய்தது உண்மையே. ஆனால் ஹலோத்தேன் என்னும் ஆவி மயக்கத்தில் இருந்தோரின் குடலில் அக்கிளர்ச்சி அடங்கிவிட்டது. அப்படியானால் எந்த மயக்கத்தோடு, எந்த வேளையில், எவ்வளவு அட்ரோப்பினோடு என்பதெல்லாம் கணக்கில் வரவேண்டும். பின்வந்த ஆய்வுகள் கசிவைப் பற்றிய அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை. நியோஸ்டிக்மினும் அறுவைக்கூடத்தை விட்டு வெளியேற்றப்படவில்லை. என்றாலும் பெல், லூயிஸ் ஆகியோரின் கட்டுரையை வீண் பீதி என்று ஒதுக்குவது முறையன்று. மூச்சுக்காகக் கொடுத்த மருந்து குடலுக்கு என்ன செய்தது என்று நோயாளிகளையே எண்ணிப் பார்த்துக் கேட்ட தொடக்கக் கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

ஒரு புதிரும் இங்கே உண்டு. குடலை எழுப்பவே பிறந்த மருந்து, அறுவையின் முடிவில் எல்லாருக்கும் கிடைக்கிறதே. பின் குடல் ஏன் நாட்கணக்கில் உறங்குகிறது? விடை எளிது. நியோஸ்டிக்மினின் வேகம் மணிக்கணக்கிலேயே தீர்ந்துவிடும். அன்றியும், அதனோடு கலந்து கொடுக்கப்படும் அட்ரோப்பினோ, பிற்காலத்தில் அதன் இடத்தைப் பிடித்த கிளைகோபைரோலேட்டோ குடலை அடக்கி வைக்கும். ஒரு கை தட்டி எழுப்ப, மறு கை தாலாட்டுகிறது. குடல் உறங்குவதற்கு மருந்துகள் மட்டுமே காரணமும் அல்ல. 1906இல் அமெரிக்காவில் கானன், மர்பி ஆகியோர், எக்ஸ்-ரே கதிரைக்கொண்டு விலங்குகளின் குடலைப் பார்த்தபோது, குடலைக் கையால் தொட்டுப் பிசைவதே அதை நெடுநேரம் முடக்குகிறது என்று கண்டனர். தொட்ட இடத்தில் வீக்கம் உண்டாகி முடக்கம் நீள்வதைப் பின்வந்தோர் விளக்கினர். வலிக்குக் கொடுக்கும் மார்பின் வேறு குடலைக் கட்டுகிறது.

நியோஸ்டிக்மினின் பழைய ஆற்றல் பொய்யன்று என்பதை 1999இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தடை ஏதும் இன்றியே பெருங்குடல் பலூன்போல் உப்பிவிடும் நோய் ஒன்று உண்டு. 1948இல் அதனை விவரித்த ஓகில்வியின் பெயரால் அது வழங்குகிறது. அமெரிக்காவில் அத்தகைய நோயாளிகள் 21 பேரில் 11 பேருக்கு 2 மில்லிகிராம் நியோஸ்டிக்மினும், 10 பேருக்கு வெறும் உப்புநீரும் கொடுக்கப்பட்டன. மருந்து பெற்றவர்களில் 10 பேருக்கு விரைவிலேயே குடல் திறந்தது. பெரும்பாலும் சில நிமிடங்களில்! உப்புநீர் பெற்றவர்களில் ஒருவருக்கும் திறக்கவில்லை. தாலாட்டும் கை இல்லாதபோது தட்டும் கை என்ன செய்யும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. ஆனால் இதயம் மிகவும் மெதுவாகிவிடக் கூடுமாதலால், நாடியைக் கண்காணித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து அது; குடலில் உண்மையான அடைப்பு இருப்பின் கொடுக்கவே கூடாது.

சர்க்கரை வளையம்

மூச்சையும் குடலையும் பிரித்து வைக்கும் மருந்து, மணியைத் தொடாத ஒரு வழியிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தின் நியூஹவுஸ் என்னும் இடத்தில் ஒர்கனான் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஆன்டன் பொம், 1994இல் புழக்கத்திற்கு வந்த ரோக்குரோனியம் என்னும் தளர்ப்பியைக் கரைப்பதற்கு ஏற்ற பொருளைத் தேடினார். எட்டுச் சர்க்கரை மூலக்கூறுகள் வட்டமாகக் கைகோத்து நிற்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் வளையத்தை எடுத்துப் பார்த்தபோது, ரோக்குரோனியம் அவ்வளையத்தின் நடுவே நுழைந்துகொள்வதைக் கண்டார். வளையத்தின் வாயை நீட்டி, எதிர்மின்னேற்றமுள்ள கைகளை ஒட்டியபின் அது புகுந்த மருந்தை வெளியே விடவில்லை. 2002இல் இது வெளியிடப்பட்டது. சுகாமாடெக்ஸ் என்பது இதன் பெயர்.

நியோஸ்டிக்மின் மணியோசையை நீட்டியது. சுகாமாடெக்ஸ், பெரட்டுக்காரர்களின் காதை அடைத்துக்கொண்டிருந்தவனையே பிடித்துக் கட்டி வெளியே கொண்டுபோகிறது. மணியும் பழைய மணியே. கொட்டகையில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆகவே அட்ரோப்பினும் வேண்டாம், கிளைகோபைரோலேட்டும் வேண்டாம். ரோக்குரோனியத்தையும் அதன் இனத்தையும் தவிர வேறு தளர்ப்பிகள் அவ்வளையத்தில் அடங்கா. ஐரோப்பாவில் 2008இல் இதற்கு அனுமதி கிடைத்தது. ஒவ்வாமை பற்றிய ஐயத்தால் அமெரிக்க அரசாங்கம் தயங்கித் தயங்கி 2015 டிசம்பரிலேதான் அனுமதித்தது.

நூறாண்டுக் காலத்தில் முதன்முறையாகக் குடலைத் தொடாமல் மூச்சை மீட்க முடிந்தது. எனவே ஒரு நேரான வினாவை எழுப்பலாம்: குடலறுவை செய்துகொண்டவர்களில் எந்த மருந்தால் எழுப்பப்பட்டவருக்குக் காற்று முன்னதாகப் பிரிந்தது? 2020ஆம் ஆண்டையொட்டி ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்த ஆய்வுகள் பல வந்தன. பெருங்குடல் அறுவை பெற்றோரிடையே, சுகாமாடெக்ஸ் பெற்றவர்களுக்கு முதல் மலங்கழிவு முன்னதாக நேர்ந்தது என்று சில காட்டின. குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்று வேறு சில முடித்தன. குடலைத் தூண்டாத மருந்து, தூண்டும் மருந்தைவிட முந்திக்கொள்வது எப்படி என்று திகைப்போர்க்கு விளக்கம் தாலாட்டும் கையிலே இருக்கிறது. நியோஸ்டிக்மின் செய்த உதவியைவிட அதனுடன் சேர்ந்து வந்த கிளைகோபைரோலேட் செய்த தடை நீடித்தது என்பதே அது.

பொருத்தமான விளக்கம்தான். ஆயினும் பதிவேட்டுக் கணக்குக்கு ஒரு குறையுண்டு. சுகாமாடெக்ஸ் விலையுயர்ந்த மருந்து. அதை வாங்கத் தொடங்கிய ஆஸ்பத்திரிகள் பல அதே ஆண்டுகளில் குடலறுவைப் பராமரிப்பையும் மாற்றிக்கொண்டிருந்தன. டென்மார்க்கின் ஹென்ரிக் கேலெட் 1990களில் தொடங்கிய விரைவு நலமுறை, நோயாளியைப் பட்டினி போடாதே, மார்பினைக் குறை, முதல் நாளிலேயே எழுப்பி நடக்கவிடு, மூக்குக் குழாயைத் தவிர் என்றெல்லாம் வற்புறுத்துகிறது. சிறு துளைகளின் வழியே செய்யும் அறுவையும் குடலைப் பிசைவதைக் குறைத்துவிட்டது. காற்று முன்னதாகப் பிரிந்ததற்கு ஊசியா, நடையா, கஞ்சியா என்று பதிவேட்டைப் பார்த்து எப்படிப் பிரித்தறிவது? எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்து, மற்றவையெல்லாம் ஒன்றாக இருக்கும்படி நடத்தும் சோதனையே இதற்குத் தக்கது.

அமெரிக்க மயக்க வைத்தியர் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியில், ரோக்குரோனியம் தந்த தளர்ச்சி ஆழமாயிருக்கும்போது நியோஸ்டிக்மினைவிடச் சுகாமாடெக்ஸே தக்கதென்று கூறியது. அதற்குக் காரணமாக அமைந்தது எஞ்சிய தளர்ச்சியே, மூச்சு. குடல் அந்தத் தராசில் ஏறவில்லை. நியோஸ்டிக்மினோ உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் இன்றும் இருக்கிறது. வளையத்தை வாங்க வசதியில்லாத ஆஸ்பத்திரிகளில், தளர்ச்சி எவ்வளவு நீங்கியிருக்கிறது என்பதைக் கருவிகொண்டு அளந்து, தக்க வேளையில் அளவறிந்து கொடுத்தால் அது தன் வேலையைச் செவ்வையாகவே செய்கிறது. அங்கே அறுவை முடிந்தவரின் குடல், பழையபடியே ஒரு கை தட்ட மறு கை தாலாட்டும் நிலையிலேயே முதல் இரவைக் கழிக்கிறது.